எழுந்தால்தான் படம்

மறுபடியும் தீற்றல்தான். சாம்பல் வானத்தில் கறுப்பாக ஒரு இழுவல், அச்சு மை காயும் முன்னே யாரோ விரலால் தேய்த்துவிட்ட மாதிரி. இது நாரை என்று நான் பக்கத்தில் நின்று சொன்னால்தான் நாரை. நாளைக் காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். மேடையில் உட்காரப்போகிற அதிகாரியின் தோளுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படத்துக்கும் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. போன கூட்டத்தில் அந்த ஆள் சொன்னதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களையும் அவற்றில் உட்கார்ந்திருந்த பறவைகளையும் இருபத்தாறு படம் எடுத்து, பெரிதாகப் போட்டு, அட்டையில் ஒட்டிக் கொண்டுபோய் வைத்தோம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "வெள்ளையாத் தெரியறது பாலிதீன் பையாக்கூட இருக்கலாமே. முள்ளு மரத்துல மாட்டிக்கிட்டு நிக்கும்ல." மண்டபம் சிரித்தது. கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள், அது அவர்கள் வேலை. கம்பெனி கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்த நம் ஆட்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத் துண்டறிக்கையில் என்ன பெயர் வைப்பது என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன், கிடைக்கவில்லை. மலையைச் சுற்றிக் குறிப்பிடத்தக்க பறவை வாழிடம் ஏதும் இல்லை என்று கம்பெனியின் அறிக்கையில் ஒரே ஒரு வரி. அந்த வரி நின்றுவிட்டால் மலை குவாரிக்குப் போகும். முதல் வெடி வைக்கிற அன்றைக்கே இந்தக் கண்மாய் காலி. பையும் காற்றில் பறக்கும்தான், ஆனால் கழுத்தை நீட்டிக்கொண்டு, காலைப் பின்னால் விட்டுக்கொண்டு, கூட்டமாகப் பறக்காது. இறக்கை விரித்த பறவைகள், அவற்றுக்குக் கீழே இந்த ஊர் மடைக்கல், கல்லில் வெட்டியிருக்கிற ஆண்டு, மூன்றும் ஒரே படத்தில் வேண்டும். இன்றைக்கு வேண்டும். இன்னும் அரைமணி நேரத்துக்குள் வேண்டும்.

வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்வது தவறு. வெளிச்சம் இன்றைக்கு வரவே இல்லை. மார்கழி மேகம் காலையிலிருந்து மலை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது, வேலைநிறுத்தம் செய்கிற ஆள் மாதிரி, அசைவேனா என்று. கேமரா சிராஜுதீனுடையது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவர். தாலி கட்டுகிற நொடியைத் தவறவிடாத மனிதர். கொடுக்கும்போதே சொன்னார். "ஷட்டரை ஆயிரத்துக்குக் கீழ எறக்கிராதீங்க தோழர். இருட்டாத் தெரியும், தெரியட்டும். புள்ளி புள்ளியா வரும், வரட்டும். றெக்கை நிக்கணும், அதுதான் முக்கியம்." எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று மனதுக்குள் ஒரு முள் குத்தியது. ஏழாம் வகுப்போடு பஞ்சாலைக்குள் போனவன் நான். உபரி மதிப்பு என்றால் என்ன என்பதை நாலு பக்கத் துண்டறிக்கையில், நூல் சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே, எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டவன். இந்தப் பொத்தான்களா எனக்குப் புரியாது? இங்கே வந்து பார்த்தால் ஆயிரத்தில் திரை கறுப்பாக இருந்தது. அறுபதுக்கு இறக்கினேன். கண்மாய் பளிச்சென்று வந்தது, மடைக்கல் பளிச்சென்று வந்தது, ஆண்டுகூடத் தெரிந்தது. பறவை மட்டும் இல்லை, பறவை போன தடம்தான் இருந்தது. வாழ்க்கையில் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் இப்படித்தான் கற்றுக்கொண்டேன், சொன்னதைக் கேட்காமல், கெட்டுப்போன பிறகு. இப்போது மறுபடியும் ஆயிரத்தில் வைத்துவிட்டேன். ஆனால் பறவைகள் எங்கே? ஒன்று, இரண்டு, உயரத்தில், மடைக்கு அந்தப் பக்கம். எப்போதாவது வருகிற சிறு கூட்டத்தில் முதலில் வருகிற ஒன்றின் மேலேயே என் கண் போகிறது, அதையே பிடிக்கப் பார்க்கிறேன், அது மடையைத் தாண்டிவிடுகிறது. பின்னால் வந்த ஏழெட்டும் படத்துக்கு வெளியே. நாற்பது வருடம் ஊர்வலத்தின் முன்வரிசையிலேயே இருந்த கண் அது, கொடியைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆளைத்தான் தேடும். இந்த நாரைகளில் முன்னே வந்தது களைத்துப்போனால் பின்னால் போய்விடுகிறது, இன்னொன்று முன்னே வருகிறது. அதற்காக யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. சங்கத்திலிருந்து என்னை நீக்குவதற்கு மட்டும் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஆறு பேருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். சரி, அது இப்போது எதற்கு. படம். படத்தைப் பார்.

இருளாயி ஆடுகளைக் கரைக்குக் கீழே விட்டுவிட்டு வந்து, கொஞ்ச தூரத்தில் குந்திக்கொண்டாள். நாளைக்கு ஊர் சார்பில் மைக் முன்னால் பேசப்போகிறவள் அவள்தான். வேறு யாரும் முன்வரவில்லை. ஐம்பது வயது, கணவன் இல்லை, குவாரிக்காரன் வீட்டு வாசலுக்கு வந்தபோது நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டே, எழுந்திருக்காமல் பதில் சொல்லி அனுப்பியவள். இங்கே எல்லோரும் பேசுகிற மாதிரிதான் அவளும் பேசினாள், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். "நாலரைக்கே வந்துருங்கன்னு சொன்னேன்லண்ணே." "சொன்னே." "பெறகு?" "ஆறு மணிக்குத்தானே அடையும்னு நெனச்சேன்." "மேகம் போட்டா அதுக முன்கூட்டியே அடைஞ்சுரும். நீங்க மீட்டிங் போடுற கணக்குல வந்திருக்கீக. அஞ்சு மணின்னா ஏழு மணி. அதுகளுக்குத் தலைவரு வந்து மாலை வாங்குனாத்தேன் ஆரம்பிக்கணும்னு சட்டமா இருக்கு?" சிரித்தாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. உண்மைதான். ஐந்து மணிக்கு என்று அச்சடித்த எந்த ஊர்வலமும் ஆறுக்கு முன்னால் கிளம்பி நான் பார்த்ததில்லை. அந்தக் கணக்கில்தான் டீக்கடையில் உட்கார்ந்து, நாளைக்கு அதிகாரியின் முகத்தில் எறிய வேண்டிய வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு வந்து கரை ஏறும்போது மரங்கள் வெளுத்திருந்தன. பிந்தி வருகிற சில தவிர எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. நத்தைகுத்தி நாரைகள், அரிவாள் மூக்கன்கள், நீர்க்காகங்கள், கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குள் குஞ்சு, பக்கத்தில் தாய். ஆயிரம் இருக்கும். ஆயிரமும் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருந்தால் பாலிதீன் பை. "ஒரு கொக்குகூட ஒங்களுக்குக் கட்டுப்படலியாண்ணே?" என்றாள் இருளாயி. பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கு நான் பேசுறத ஒருக்காச் சொல்லிப் பாக்கவா?" என்றாள். சொன்னாள். நான் எழுதிக் கொடுத்த வாக்கியங்களை அவள் தூக்கிப் போட்டுவிட்டு அவள் பாட்டுக்குச் சொன்னாள். புரட்டாசிக் கடைசியில் முதல் நாரை வந்து இறங்கினதிலிருந்து பங்குனியில் கடைசிக் குஞ்சு பறந்து போகிறவரைக்கும் இந்தக் கரையில் யாரும் சத்தம் போடுவதில்லை. தீபாவளிக்கு வெடி இல்லை. பிணம் போகும்போது கரை தொடங்குகிற இடத்தில் கொட்டு நின்றுவிடும். சங்கை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பார்கள். மறுபக்கம் இறங்கினபிறகுதான் மறுபடியும் ஊதுவார்கள். "எங்க வீட்டுக்காரரத் தூக்கிட்டுப் போனப்ப இந்தக் கரை முச்சூடும் முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டுத்தேன் நின்டேன். இல்லாத பறவைக்கா சார் நான் வாயப் பொத்துனேன்? அம்புட்டுத்தேன் கேப்பேன். கேட்டுட்டு எறங்கி வந்துருவேன்." எனக்குப் பொறாமையாக இருந்தது. நாற்பது வருடம் எழுதியும் இப்படி ஒரு கேள்வி என் கையில் விழுந்ததில்லை. ஆனால் படம் இல்லாமல் கேள்வி மட்டும் போதுமா. அந்த ஆள் மறுபடியும் கண்ணாடியைத் தூக்குவான். பக்கத்தில் இருக்கிற கம்பெனி வக்கீல் மூடப் பழக்கம் என்பான். பெண் பேசினால் குறிப்புகூட எடுக்க மாட்டார்கள். அவர்களை எனக்குத் தெரியும், இருளாயிக்குத் தெரியாது.

ஆறுக்கு ஐந்து நிமிடம். மலை கறுத்துவிட்டது, அதன் முன்னால் மரங்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாக. ஒரு யோசனை வந்தது. வந்தது என்பது பொய், கரை ஏறின நிமிடத்திலிருந்தே அது உள்ளே நின்றுகொண்டிருந்தது, நான்தான் அதன் பக்கம் திரும்பாமல் இருந்தேன். அவை எழுந்தால் போதும். ஒரே ஒருமுறை. எழுந்தால் மலைக்கு முன்னால் எழும், கறுப்பு மேல் வெள்ளை, வானத்தில் கரைந்துபோகாது. மடைக்கல்லுக்கு நேர் மேலே எழும். எழுப்புவதற்கு என்ன வேண்டும்? என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான். மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல் என்று போலீஸ்காரனே எழுதி வைத்த குரல். எழுந்தாத்தான் படம். இது யார் சொன்னது? எனக்குத் தெரியும் யார் சொன்னது. பட்டணத்துப் பத்திரிகையிலிருந்து வந்த போட்டோக்காரர், வெளிர் நீலச் சட்டை, கழுத்தில் இரண்டு கேமரா. எண்பத்து மூன்று, மில் வாசல், வேலைநிறுத்தத்தின் நாற்பத்தொன்றாவது நாள். பஸ் வழியில் நின்றுபோய் அவர் வந்து சேர்ந்தபோது இதே மாதிரிதான் மேகமும் மங்கலும். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அமைதியாக உட்காருவது என்று நாங்களே போலீஸிடம் எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, "உட்கார்ந்திருந்தா கூட்டமாவே தெரியலை சார், எழுந்தாத்தான் படம், வெளிச்சமும் போயிட்டிருக்கு" என்றார். சார் என்றார். என்னை அதற்கு முன் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் கையைத் தூக்கினேன், குரல் கொடுத்தேன். ஒரே ஒரு வார்த்தை. முந்நூறு பேரும் எழுந்தார்கள், எழுந்த வேகத்தில் முன்னால் வந்தார்கள். வாசலில் நின்ற போலீஸுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. வெயிலுமுத்து நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பொரிகடலை தின்றுகொண்டிருந்தான். கால் மரத்துப்போயிருந்ததால் மற்றவர்கள் எழுந்த பிறகுதான் எழுந்தான். அவர்கள் சிதறியபோது இவனால் ஓட முடியவில்லை. தடி காதுக்கு மேலே விழுந்தது. அப்புறம் பதினொரு வருடம் இருந்தான். பேச்சு போய்விட்டது. நான் அவன் வீட்டு வாசலில் தலைகாட்டினால், மணைக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான், சிரித்துக்கொண்டே. உட்காரு, உட்காருப்பா என்று சொல்வேன். உட்கார மாட்டான். அதனால் போவதை நிறுத்திவிட்டேன். விசாரணையில் கூட்டம் தானாக எழுந்தது என்று சொன்னேன். தானாக. படம் பத்திரிகையில் வந்தது. என் கை மட்டும் துல்லியம், பின்னால் இருந்தவர்கள் எல்லாம் தீற்றல். நீலச்சட்டைக்காரர் ஷட்டரை அறுபதில் வைத்திருப்பார் போலிருக்கிறது.

அது மனிதர்கள், இது பறவைகள். அது வேறு. போலீஸ் இல்லை, தடி இல்லை. எழும், ஒரு சுற்று சுற்றும், மறுபடி உட்காரும், அவ்வளவுதான். குஞ்சுகள்? குஞ்சுகள் கூட்டுக்குள்தானே இருக்கின்றன. முரட்டுக் குஞ்சுகள், பாதி வளர்ந்தவை, விளிம்பில் நிற்கிறவை, அம்மா எகிறினால் தானும் எகிறப் பார்ப்பவை, கீழே தண்ணீர். இருக்கட்டும். வெடி வைத்தால் எல்லாக் குஞ்சும் போகும், இந்த வருடத்தது மட்டுமல்ல, இனி வரப்போகிற வருடங்களில் பொரிக்கப்போவதும். ஒன்றைக் கொடுத்து நூறை மீட்பது. இந்தக் கணக்கை எத்தனை துண்டறிக்கையில் எழுதியிருப்பேன். கொடுக்கப்படுகிற அந்த ஒன்று எப்போதும் வேறு யாரோ. நான் கொடுக்கப்பட்டதில்லையா? என்னையும்தான் கொடுத்தார்கள், பதினொரு கையெழுத்து. அதுவும் இதுவும் ஒன்றா? ஒன்றில்லை. இருளாயியிடம் கேட்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்று தெரிந்தபிறகு செய்ய முடியாது, அதனால் கேட்காமல் இருக்கிறேன்; மில் வாசலிலும் செயற்குழுவைக் கேட்கவில்லை, இரண்டடி தள்ளித்தான் நின்றார்கள். மலையின் ஓரம் வானத்தோடு கலக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிடத்தில் வெள்ளையும் போய்விடும், நாளைக்கு இந்தத் தீற்றல்களைத்தான் அட்டையில் ஒட்டிக் கொண்டுபோக வேண்டும், மண்டபம் மறுபடி சிரிக்கும், அந்தச் சிரிப்பில் என் பெயரும் இருக்கும், தோழர் பிடிச்ச பையைப் பாருங்கடா என்று. அதுவா? அதற்காகவா? கண்மாய்க்காக இல்லையா? கண்மாய்க்காகத்தான். கண்மாய்க்காகத்தான் என்று நான் இரண்டாவது முறை சொல்லி முடிப்பதற்குள் கேமரா கண்ணுக்கு வந்துவிட்டது, சட்டத்துக்குள் மடைக்கல் வந்துவிட்டது, நெஞ்சுக்குள் காற்று நிரம்பிவிட்டது, இத்தனை வருடம் சும்மா கிடந்த அந்தக் குரல் கரகரப்பே இல்லாமல், அன்றைக்கு இருந்த மாதிரியே, வெளியே போனது.

கண்மாயே எழுந்தது. தார்ப்பாயைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், ஆயிரம் இறக்கையும் ஒரே சமயத்தில், மலை முழுக்க வெள்ளை. விரல் பொத்தானிலேயே இருந்தது. எத்தனை படம் என்று தெரியாது. அவை சுற்றின, உட்காரவில்லை. உட்கார முயன்றவையும் மற்றவற்றோடு மோதி மறுபடி மேலே போயின. இருட்டில் அவற்றுக்குக் கிளை தெரியவில்லை போலிருக்கிறது. அப்புறம் கீழேயிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. தண்ணீரில் தேங்காய் விழுகிற மாதிரி. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் எண்ணக்கூடாது என்று முடிவு செய்தேன். கைகள் தாமாகவே படத்தைத் திரையில் வரவழைத்தன. நன்றாக விழுந்திருந்தது. புள்ளி புள்ளியாக, ஆனால் றெக்கை நின்றிருந்தது. நூறு, இருநூறு பறவை, நீட்டின கழுத்து, கீழே மடைக்கல், கல்லில் ஆண்டு, பின்னால் மலை. எந்த அதிகாரியும் இதைப் பை என்று சொல்ல முடியாது. நான் இதுவரை எடுத்ததில், ஏன், எங்கள் ஆட்கள் யாரும் இதுவரை எடுத்ததில் இதுதான். ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லி என்ன, குளிர்ந்தது. "இந்தா பாரு இருளாயி" என்று கேமராவை நீட்டினேன். அவள் இருந்த இடத்தில் அவள் இல்லை. கரைச் சரிவில் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தாள். அங்கிருந்துதான் குரல் வந்தது, இப்போதும் தாழ்ந்த குரல்தான். "போன்ல லைட்டு இருக்குல்ல, அடிங்க."

கேமராவை மடைக்கல் மேல் வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் இத்தனை குளிராக இருக்கும் என்று நினைக்கவில்லை. சேறு செருப்பைப் பிடித்துக்கொண்டது, விட்டுவிட்டேன். செல்போன் டார்ச்சை அடித்தேன். அவள் மடியில் இரண்டு இருந்தன, கழுத்தை நீட்டி அலகைத் திறந்து மூடிக்கொண்டு, சத்தமே வராமல். மூன்றாவதைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள், தலை தொங்கியது, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டாள். மேலே அவை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. பார்க்க முடியவில்லை. காற்று மட்டும் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் பதில் இருந்தது, குவாரி, வெடி, ஒன்று, நூறு. அவள் திட்டவில்லை. முள்ளை ஒதுக்கிக்கொண்டே, ஏதோ வீட்டுக் காரியம் பேசுகிற மாதிரிக் கேட்டாள். "நாளைக்கு அங்ஙன ஏறி நின்னு, எங்க கரையில யாரும் சத்தம் போட்டதில்லைன்னு நான் எப்படிண்ணே சொல்லுவேன்?" "நான் வெளியூர்க்காரன்தானே இருளாயி. ஊர்க்காரங்க யாரும் போடலையே." "நாந்தானே ஒங்களக் கூட்டியாந்தேன்." சத்தம் போட்டது நான்தான் என்று நானே மேடையில் சொல்லலாம். சொன்னால் அந்தப் படம் போச்சு. எழுப்பி எடுத்த படம் என்பான் வக்கீல், கூண்டில் அடைத்துக் கொண்டுவந்து விட்டிருப்பார்கள் என்பான், சொல்ல மாட்டானா. சொல்லாமல் இருந்தால் படம் நிற்கும். இவள் மைக் முன்னால் வர மாட்டாள், அல்லது வந்து, என்னைப் பார்த்துக்கொண்டே, வாய் திறக்காமல் நிற்பாள். இரண்டில் எது என்று யோசிக்கத்தான் நினைத்தேன். ஆனால் யோசனைக்கு முன்னால் வாக்கியம் வந்துவிட்டது, நாளைய துண்டறிக்கையின் முதல் வரி, அச்சுக்கே போகலாம் போலத் திருத்தமாக: மாலை ஆறு மணியளவில் பறவைகள் தாமாகவே எழுந்தன. தாமாகவே. அதை உள்ளே தள்ளிப் பார்க்கிறேன், மறுபடி மறுபடி மேலே வருகிறது. இருளாயி குனிந்து கைகளால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தாள். "லைட்ட ஆட்டாமப் பிடிங்கண்ணே" என்றாள். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்கிறேன். தண்ணீர் மேல் அந்த வெளிச்சம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.